பல்லாவரத்து மாடியில் மூடுபனி

பதினேழு நாடுகள் கூடி, விமான நிலையத்தைச் சுற்றியிருந்த மொட்டைமாடிகளில் எல்லாம் வானிலைப் பெட்டி வைத்திருந்தன. வளர்மதி தன் மாடிப் பெட்டிமேல் ஈரப் போர்வையைக் காயப்போட்ட பத்தாவது நிமிடம், பின்லாந்து அதிகாரி ஒருவர் போனில் கெஞ்சினார். இயந்திரம் அதைத் தமிழாக்கிச் சொன்னது.

“அம்மா, உங்க மாடியில கடும் மூடுபனின்னு காட்டுது. துபாய் விமானம் இறங்க முடியாம சுத்துது.”

“அடக் கடவுளே!” வளர்மதி பதறிப்போய்ப் போர்வையை உருவினாள். அப்புறம்தான் உறைத்தது. நாத்தனார் செண்பகம் வருவது அந்த விமானத்தில்தான். வீடு போட்டது போட்டபடி கிடந்தது. செண்பகம் ஆசையாய்க் கொடுத்த சுவர்க்கடிகாரமோ மூன்று வருடமாகப் பரணில்.

“ஐயா, இன்னும் எவ்வளவு நேரம் அது சுத்தலாம்?”

“முக்கால் மணி நேரம்.”

“போதும்ங்க.”

போர்வையை மறுபடி பெட்டிமேல் போர்த்திவிட்டு, வளர்மதி ஏணி தேடி ஓடினாள்.