எல்ஸி ஆடும் தாளம்

ஜப்பான்காரன் வந்தபிறகு கோப்பெங் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுப்பதில்லை. காலியாகக் கிடக்கும் ரப்பர் ஸ்டோருக்குள், தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே மாலை வெயில் வட்டவட்டமாக விழுகிறது. அதற்குள் எல்ஸியின் கல்யாணக் கூட்டம் நிற்கிறது. மாப்பிள்ளையை நாளைக்குச் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகிறார்கள். அதற்குள் ஒரு தடவையாவது அவரோடு ஆடிவிட வேண்டும் என்று அண்ணன் லூயிஸிடம் கேட்டிருக்கிறாள் எல்ஸி. லூயிஸ் ஈப்போ நடனக்கூடத்தில் டிரம் வாசித்தவன். பேர்பெற்ற அமெரிக்க டிரம்மர்களின் இசைத்தட்டுகளைத் தேயத் தேயக் கேட்டு, அவர்களைப்போலவே உருட்டி அடிப்பவன். சீமைத் தோல் கிழிந்துபோய் இப்போது டிரம்மில் ஆட்டுத்தோல் கட்டியிருக்கிறான். குச்சிகளை எடுத்து வழக்கமான உருட்டலைத் தொடங்குகிறான். அந்தத் தோலில் குச்சி துள்ளவில்லை. அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழைகின்றன. எல்ஸியின் கால் பின்னி நின்றுவிடுகிறது.

“மெதுவா போலாம் லா, மச்சான்,” என்கிறான் அக்கார்டியன் வாசிக்கும் பாஸ்கல்.

லூயிஸ் குச்சிகளைக் கீழே வைக்கிறான். விரல்நுனியால் ஒரு அடி, உள்ளங்கையால் ஒரு அடி. பிறகு அதிர்வு அடங்கும்வரை கையெடுத்துக் காத்திருக்கிறான். தங்கையின் வெறுங்கால் சிமெண்டுத் தரையில் உரசும் சத்தம் கேட்கிறது. அடுத்த அடியை அந்தக் காலுக்கு ஏற்றாற்போல் வைக்கிறான். எல்ஸி தலைநிமிர்ந்து சுற்றுகிறாள். மாப்பிள்ளை சிரித்தபடி அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்.

“இது யாரோட அடி லா? நான் கேட்டதே இல்லையே!” என்கிறான் பாஸ்கல், வாசிப்பதைத் தளர்த்தி.

லூயிஸ் யோசித்துப் பார்க்கிறான். இசைத்தட்டில் கேட்ட ஒருவர் பேரும் வரவில்லை.

“நிறுத்திடாத, வாசி,” என்கிறான், தங்கையின் காலைவிட்டுக் கண்ணெடுக்காமல்.