ஐந்து நட்சத்திரக் குடல்

அப்பாவைப் பரிசோதித்துவிட்டு வெளியே வந்த குடல்நோக்கிக் கருவி தன்னைத் தானே கழுவிக்கொண்டு, இனிய குரலில் அறிவித்தது: “குடல் மிகவும் சுத்தம். ஐந்து நட்சத்திரம். வாழ்த்துகள்!”

கருவியை வீட்டுக்கு வாங்கியதிலிருந்து மாதம் தவறாமல் இதே வாழ்த்துதான் என்று அண்ணன் பெருமைப்பட்டான். நான் அன்றுதான் ஊரிலிருந்து வந்திருந்தேன்.

“ராத்திரி பேதி மருந்து குடுத்தியாண்ணா?”

“அப்பாவுக்கு மருந்தே தேவைப்படுறதில்லை, சுகந்தி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மருந்தில்லாம ஒரு மனுசனோட குடல் எப்படி காலியா இருக்கும்? அவருக்குச் சோறு போட்டு எத்தனை நாளாச்சு?”

“கஞ்சித்தண்ணி குடுக்கிறோம்ல? படுத்த படுக்கையா கிடக்கிறாரு. வயிறு நிறையப் போட்டா யாரு அள்றது? நீயா?”

“நான்தான். இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன். அந்த நட்சத்திரத்தை நீயே வச்சுக்க.”

கிளம்பும் முன் ரசம்சோற்றைக் குழையப் பிசைந்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனேன். அவர் வாயைத் திறக்கவில்லை. சுவரில் தொங்கிய கருவியைப் பயத்தோடு பார்த்தார்.

“வேண்டாம்மா. அது காட்டிக் குடுத்துடும்.”