பின்கதவில் ஒரு கீறல்

"என்ன தௌக்கே, அந்தக் கீறல் அப்படியே இருக்கே!"

கிம் லுவான் வண்டியின் இடது பின்கதவைக் காட்டினாள். வெள்ளை வண்டி பளபளவென்று நின்றது. கைப்பிடிக்குக் கீழே மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கோடு.

பட்டறை முதலாளி ஆ ஹுவாட் நெற்றியில் கிடந்த மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார். "நீங்க அனுப்பின போட்டோவுல இருக்கே ஆன்ட்டி. நானா புதுசா ஒண்ணும் பண்ணல." போனை எடுத்து நீட்டினார். "பாருங்க, அதே இடம், அதே கோடு."

போட்டோவில் இருந்தது என்னவோ உண்மைதான். அது அவள் கணவர் பூன் லியோங் எடுத்த படம். வாடகை வண்டியை யார் ஆசையாகப் படம் எடுப்பார்கள்? கீறல் விழுந்தால்தான் எடுப்பார்கள், கம்பெனிக்கு அனுப்புவதற்கு. வீடெல்லாம் தேடியும் அவளுக்கு வேறு படம் கிடைக்கவில்லை.

"சின்னக் கோடுதானே. மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடட்டுமா? கண்ணுக்கே தெரியாது."

"அவரு கண்ணுக்குத் தெரியும்."

"அவ்வளவு கெடுபிடியா?"

"டார்ச் அடிச்சு நாலு பக்கமும் சுத்தி வந்து பார்ப்பாரு. அப்புறம்தான் ஸ்டியரிங்கையே தொடுவாரு. இன்னிக்குச் சாயங்காலம் அவரு கைக்குப் போயாகணும் தௌக்கே. ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது."

ஆ ஹுவாட் சிரித்தார். "குடுத்துவச்ச வண்டி. என் பொண்டாட்டி என் மூஞ்சியக்கூட இப்படி உத்துப் பார்த்ததில்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூன் லியோங்கின் கெடுபிடியில் நியாயம் இருந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற நாளில் கம்பெனிக்காரன் விரலால் தடவித் தடவிப் பார்ப்பான், பெண் பார்க்க வந்த நாத்தனார் மாதிரி. அதற்குப் பயந்தே அவர் வண்டிக்குள் யாரையும் ஒரு கறிபஃப் தின்ன விட்டதில்லை, பெற்ற மகனைக்கூட.

அப்படிப்பட்ட வண்டியில் கோடு போட்டவள் அவள்தான். அவர்கள் குடியிருக்கும் புளோக்குக்குப் பின்னால் இருக்கிற அடுக்கு கார் பார்க்கில், அரிசி மூட்டையை இறக்குகிற அவசரத்தில் கதவை வீசித் திறந்தாள். பக்கத்தில் தூண் இருந்ததைக் கவனிக்கவில்லை.

அதிர்ந்து பேசாத மனுஷன், அன்றைக்கு மட்டும் கத்திவிட்டார். "கண்ண எங்க வச்சிருந்தே? இது என்ன நம்ம வண்டியா? நாளைக்குத் திருப்பிக் குடுக்கறப்ப நான் என்னன்னு பதில் சொல்றது?"

அவள் வாயும் சும்மா இருக்கவில்லை. "வாழ்நாள் பூரா வண்டிதான் ஓட்டறே. உனக்குன்னு சொந்தமா ஒரு வண்டி உண்டா? பேச வந்துட்டே பெருசா!"

பூன் லியோங் போனை எடுத்துக் கீறலைப் படம் பிடித்தார். அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். மறுநாள் அவள் எழுந்திருப்பதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

சொன்னதைத் திரும்ப விழுங்கவா முடியும்? வாயால் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லாமல் போயிற்று. வண்டியையாவது பழுதில்லாமல் அவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்று அவள் மனது கிடந்து அடித்துக்கொண்டது.

"கதவையே மாத்திடுங்க தௌக்கே."

"முழுக் கதவையுமா? இந்தத் துளியூண்டு கோட்டுக்கா?"

"ஆமா. முழுசா மாத்திடுங்க."

ஆ ஹுவாட் அவள் முகத்தைப் பார்த்தார். வேடிக்கைப் பேச்சை அதோடு விட்டுவிட்டார். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து, பழைய கதவைக் கழற்றிப் போட்டுப் புதுக் கதவைப் பதமாகப் பொருத்தினார்.

வாசலில் லாரியோடு நின்ற அவள் மகன் எட்டிப் பார்த்தான். "ம்மா, வானம் கறுத்துக்கிட்டு வருது. மழை பிடிக்கறதுக்குள்ள ஏத்திடணும். நனையக் கூடாது."

"இரு, வந்துட்டேன்."

அவள் கைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தாள். அவருடைய டார்ச். அவர் பார்க்கிற மாதிரியே முன்பக்கத்தில் தொடங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இடது பின்கதவுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். கோடும் இல்லை, கறையும் இல்லை.

"இப்ப திருப்தியா ஆன்ட்டி?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆ ஹுவாட் தூரிகையை மையில் தோய்த்துக்கொண்டு கதவின் முன் குந்தினார். "போனவரோட பேரைச் சொல்லுங்க, எழுதிடறேன். பேர் எழுதாம காகித வண்டிய எரிச்சா, அங்க அவருக்குப் போய்ச் சேராது, வேற ஆவி எடுத்துட்டுப் போயிடும்."

"சிம் பூன் லியோங். பக்கத்துலயே, சொந்த வண்டின்னும் எழுதுங்க."