ஆறாம் பாகத்துக் கண்ணீர்

அந்த அனிமே தொடரை எல்லா வீட்டிலும் பார்த்தாக வேண்டும். பார்ப்பவர் முகத்தை டிவி பார்த்துக்கொண்டிருக்கும். அரசை எதிர்த்த சிறுமி பிடிபட்ட ஐந்தாம் பாகத்தில் அழுதுவிட்ட எதிர்வீட்டு ஞானசேகரன் இன்னும் வீடு திரும்பவில்லை.

இன்று ஆறாம் பாகம். அவளைச் சுடப்போகிறார்கள். தமயந்தி அரிவாள்மனையை டிவி முன்னால் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். திரையில் சிறுமி சுருண்டு விழுந்தாள். தமயந்தி தாராளமாக அழுதாள்.

"என்னடி, அழுவுறியா?" கணவன் பதறினான்.

"வெங்காயம் கண்ணை எரிக்குதுங்க," என்றாள், டிவிக்கும் கேட்கும்படி.

படம் அப்படியே நின்றது. டிவி மிகவும் மரியாதையாகக் கேட்டது:

"இன்று அமாவாசையாயிற்றே அம்மா, உங்கள் வீட்டில் வெங்காயம் சேர்ப்பதில்லையே?"