இரும்புக் கதவில் இரண்டு நாக்கு

அன்று காலை வெளிக்கதவருகே இருந்தவர்கள் இவர்கள்: நான்கு வயது வாயாடி, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவள் அம்மா, ஸ்டேஷன் மாஸ்டராக இருக்கும் அவள் அத்தை, கல்யாணம் நிச்சயமாகவிருந்த சித்தப்பா, அவருக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பாவும் அம்மாவும். இந்த இருவரும் காரில் வந்து இறங்கியவர்கள்.

வாயாடியின் அப்பா சமையலறையில் எதையோ தீய்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சேர்க்க வேண்டாம். எதிர்வீட்டு மாடியில் நின்றவர்களையும் சேர்க்க வேண்டாம். அவர்கள் எப்போதும் எட்டிப் பார்ப்பவர்கள்.

கார் தெருமுனையில் திரும்பியபோது வாயாடியின் நாக்கு கதவுக் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வடக்கே அந்த மலையூரில் குளிர்கால விடுமுறை விட்ட நாளிலிருந்து உறைபனி விட்டபாடில்லை. கம்பியெல்லாம் சர்க்கரை தூவினாற்போல் உறைந்து மினுமினுத்தது. "கார் வந்தா ஓடி வந்து சொல்லு" என்று பிள்ளையை அங்கே நிறுத்தியவள் அத்தைதான். கார் தாமதமானது. சும்மா நிற்கிற பிள்ளையா அது? நக்கிப் பார்த்துவிட்டது.

சத்தம் கேட்டு ஓடி வந்த அம்மாவுக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. இழுத்தால் தோல் கம்பியோடு போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் தானாக விடும்.

"அண்ணி, அவங்க வந்துட்டாங்க!" சித்தப்பா படிய வாரிய தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வரட்டும். நீ போய் வெந்நீர் கொண்டு வா. பச்சத் தண்ணி கலந்து கொண்டு வா, சுடச்சுடக் கொண்டு வந்துடாத!"

அவர் உள்ளே ஓடினார்.

அம்மா பிள்ளையின் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்கப் பிடிக்க வாயாடி இன்னும் வேகமாகத் திமிறினாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. பிறந்ததிலிருந்து ஓயாத வாய். அது நின்றுபோனதே அவளை மேலும் கலவரப்படுத்தியிருக்க வேண்டும். நாக்கின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது.

அப்போதுதான் அத்தை வெளியே வந்தாள்.

மதியம் பணிக்குப் போக வேண்டியவள். மடிப்புக் கலையாத சீருடை, கழுத்துவரை பூட்டிய பொத்தான்கள். அவள் நடைமேடையில் நின்றால் மஞ்சள் கோட்டைத் தாண்ட ஒருவருக்கும் துணிவு வராது. விடிந்ததிலிருந்து அவள் வீட்டையும் அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தாள். "வர்றவங்க முன்னாடி யாரும் பல்லிளிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. நமக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

தொலைந்தோம் என்று நினைத்தாள் அம்மா. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளாக நாத்தனாரிடம் அவள் வாங்காத பேச்சில்லை.

அத்தை பிள்ளையைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள்.

பிறகு சீருடையோடு பனியில் மண்டியிட்டாள்.

"ஏன்டி, என்னை விட்டுட்டு நீ மட்டும் ருசி பாக்குறியா? தள்ளு, எனக்கும் கொஞ்சம் இடம் குடு."

பக்கத்துக் கம்பியைக் கையுறைக் கையால் பற்றி, வாயைக் கொண்டுபோய் வைத்து, நாக்கை நீட்டினாள்.

"ஆ..." என்றாள். "ஆ... ஆ..."

வாயாடி திமிறுவதை நிறுத்தினாள். கண்ணீர் வழிந்த முகத்தோடு, விழிகளை மட்டும் சுழற்றி அத்தையைப் பார்த்தாள். தொண்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு குமிழியிட்டது.

கார் கதவு திறந்தது. பெண்ணின் அம்மா இறங்கி, வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்ணின் அப்பா கையில் பூங்கொத்தோடு நின்றார்.

"இந்த வீட்டுல எல்லாருமே இப்படித்தானா?" என்றார், பூங்கொத்திடம் கேட்பதுபோல.

அம்மாவுக்குக் காது கூசியது. அத்தை தலையைத் திருப்பவில்லை. இடது கையை மட்டும் உயர்த்தினாள், நடைமேடையில் ரயிலை நிறுத்துகிற அதே கையை. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

அத்தையின் பார்வை பிள்ளையின் கண்ணை விட்டு விலகவில்லை.

தண்ணீர் வந்தது. அம்மா விரலை விட்டுச் சூடு பார்த்தாள். பிள்ளையின் நாக்கின் மேல் மெல்ல ஊற்றினாள். நாக்கு நழுவி, முழுசாக வாய்க்குள் போனது. கீறல் ஒன்று, அவ்வளவுதான்.

அடுத்து நாத்தனாரிடம் வந்தாள். கம்பியைப் பொத்தியிருந்த கையுறையை லேசாக விலக்கிக் குனிந்தவள் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டாள். நாத்தனாரின் கண்கள் அவளைப் பார்த்தன. ஊற்று என்றன.

ஊற்றினாள்.

"நான்தான் ஃபர்ஸ்ட்!" என்று வாயாடி வந்தவர்களைப் பார்த்துக் குதித்தாள். "அத்தை லேட்டு!"

அத்தை எழுந்தாள். முட்டியில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டாள். முகவாயில் சொட்டிய தண்ணீரைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"வாங்க. பயணமெல்லாம் சவுகரியமா இருந்துச்சா?"

பெண்ணின் அப்பா தன்னையறியாமல் கொஞ்சம் விறைப்பாக நின்று, இருந்தது என்றார்.

கல்யாணம் நடந்தது. நன்றாகவே நடந்தது.

அந்த வீட்டு ஸ்டேஷன் மாஸ்டரே பிள்ளையோடு பிள்ளையாகக் கதவை நக்கப் போய், தானும் மாட்டிக்கொண்டாள் என்று எதிர்வீட்டு மாடியில் கிளம்பிய பேச்சு இன்னும் தெருவில் உலவுகிறது.

அது பொய். அவள் நாக்கு கம்பியில் படவே இல்லை. கையுறைக்குப் பின்னால் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. தண்ணீர் ஊற்றியவள் பார்த்திருக்கிறாள்.