ஸ்டிக்கரின் ஓரம்

“அப்பா ரெக்கார்டு போட்டதும் கண்ணை மூடிக்கோ. முடிஞ்சதும், ‘ரொம்ப ஆழமா இருக்கு சார்’னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினே, நம்ம கல்யாணம் அம்பேல்!”

மாடிப்படியில் நிறுத்தி வைத்து மூன்றாவது முறையாக மிரட்டினாள் அவள்.

“அவ்வளவு கறாரா உங்கப்பா?”

“போன மாசம் அப்பாவோட சிநேகிதர் ஒரு வரனைக் கூட்டிட்டு வந்தார். மெத்தப் படிச்ச பையன். பாட்டைக் கேட்டுட்டு அப்பாகிட்ட தனியா என்னமோ விளக்கம் சொன்னான். டீகூடக் குடிக்காம கிளம்பிட்டான். அன்னிக்கு எனக்கு சந்தோஷம் தாங்கலை. இன்னிக்கும் அப்படி ஆச்சுன்னா நான் செத்தேன்!”

அவன் லிஃப்ட் மெக்கானிக். சங்கீதத்துக்கும் அவனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் மோட்டார் என்றால் கதை வேறு. கதவில் காது வைத்தே எந்தப் பேரிங் போயிற்று என்று சொல்லிவிடுவான்.

அவள் அப்பா கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப்பேரைப் பொடி எழுத்து படிக்க வைப்பவர். கூடத்தில் ரெக்கார்டு பிளேயருக்கு எதிரே அவனை உட்கார வைத்தார்.

“தம்பி, இதுல யாரும் பாட மாட்டாங்க. வெறும் வாத்தியமும் மெஷின் சத்தமும்தான். நடுவுல கொஞ்சம் ஜாஸ். மொத்தமும் இருட்டு. சுத்தமான இருட்டு. புரியுதா?”

“புரியுது சார்.” ஒரு மண்ணும் புரியவில்லை.

ஊசி இறங்கியது. அடித்தொண்டையில் ஒரு சாக்ஸபோன் முனகியது. மேஜைமேல் இருந்த டம்ளர் அதிரும்படி ஏதோ தும்... தும்... என்றது. இருட்டறையில் யாரோ செருப்பைத் தேடுவது போலிருந்தது அவனுக்கு. அவள் கதவோரம் நின்று கண்ணை மூடச் சொல்லி சைகை காட்டினாள். மூடிக்கொண்டான்.

மூடியதுதான் வினையாயிற்று. மெக்கானிக்கின் காது விழித்துக்கொண்டது. ‘சுத்தறது மெதுவா இருக்கே! பளு ஏத்தின லிஃப்ட் மாதிரி திணறுதே!’

ஒற்றைக் கண்ணைத் திறந்தான். சமையலறை வாசலில் அவள் அம்மா கரண்டியும் கையுமாக நின்றிருந்தார். கண்கள் மூடியிருந்தன. தலை மட்டும் மெல்ல ஆடியது.

ஒரு பக்கம் முடிந்தது.

“தம்பி, திருப்பிப் போடுங்க. ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்,” என்று அப்பா உள்ளே போனார். அம்மாவும் அடுப்பைக் கவனிக்கப் போனார்.

அவன் ரெக்கார்டை எடுத்தான். நடுவட்டத்தில் கண்ணாடிக் கடையின் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் ஓரம் லேசாகப் பெயர்ந்து, கீழே ஓர் எண் எட்டிப்பார்த்தது: 45. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. பிளேயரின் குமிழோ 33-இல் நின்றது.

அட ராமா! இது இருட்டும் இல்லை, ஆழமும் இல்லை. நன்றாகத் துள்ள வேண்டிய ஆட்டப் பாட்டு. இத்தனை நாளாக மெதுவாக ஓட்டித் துக்கம் கொண்டாடியிருக்கிறார்கள்!

அவன் கை பரபரத்தது. குமிழை ஒரு திருகு திருகினால் போதும். பழுதைப் பார்த்தும் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. விரல் குமிழைத் தொட்டே விட்டது.

“தம்பி, சீக்கிரம் போடுங்களேன்!” சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “அந்தப் பக்கத்துல ரெண்டாவதா ஒண்ணு வரும். எனக்கு அதுன்னா உசுரு. எப்பேர்ப்பட்ட கவலையும் அதைக் கேட்டா ஓடிப் போயிடும்.”

அவன் விரலை எடுத்துக்கொண்டான். எச்சில் தொட்டு ஸ்டிக்கரின் ஓரத்தை அழுத்தி ஒட்டினான். ரெக்கார்டைத் திருப்பிப் போட்டான். குமிழ் 33-இலேயே இருந்தது.

இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது அப்பா திரும்பினார். அம்மா மறுபடியும் வாசலில் வந்து நின்றிருந்தார். பாட்டு முடிந்ததும் அப்பா ரெக்கார்டைக் கையில் எடுத்து, ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்தார்.

“எப்படி இருந்தது?”

“ரொம்ப ஆழமா இருக்கு சார்.”

“வேற ஒண்ணும் சொல்லத் தோணலையா?”

கதவோரம் அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வியர்த்தது. “இல்லே சார். இப்படியே இருக்கட்டும். நல்லாத்தான் இருக்கு.”

“டீ கொண்டு வாங்க ரெண்டு பேரும்,” என்று அம்மாவையும் மகளையும் உள்ளே அனுப்பினார். பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“முதல் கல்யாண நாளுக்கு அவ ஆசையா வாங்கிட்டு வந்த ரெக்கார்டு இது. அவளே தப்பான வேகத்துல போட்டு, கேட்டு, உருகிக் கண் கலங்கிட்டா. மறுநாளே அந்த நம்பர்மேல ஸ்டிக்கர் ஒட்டினவன் நான்தான். இருபத்தெட்டு வருஷமாச்சு. போன மாசம் மாதிரியே இன்னிக்குக் காலையிலயும் ஓரத்தைக் கொஞ்சம் பிச்சு விட்டதும் நான்தான்... டீ வருது, வேர்வையைத் துடைச்சுக்குங்க மாப்பிள்ளே!”