பால் தொடாதவள்

“எனக்கும் பால் ஊத்தாத கோப்பியே குடுங்க. பூங்காவனம் அக்கா மாதிரி நானும் பாலை விட்டுட்டேன்,” என்றாள் சந்திரமதி.

காஜா பேராங் ஊர் ஜீவகாருண்ய சங்கக் கூட்டத்தில் அப்படிச் சொன்ன நான்காவது ஆள் அவள். தலைவி சாரதாம்பாளுக்குக் கையிலிருந்த பால் கோப்பி கசந்தது.

பத்து வருஷமாக அவள் மீனோ கறியோ தொட்டதில்லை. பசார் கடைத்தெருவில் ‘புல்லு திங்கிறவ’ என்று கேலி செய்தார்கள். கல்யாணப் பந்தியில் நாத்தனாரே வேண்டுமென்று அவள் இலையில் கோழித்துண்டை வைத்தாள். அத்தனையையும் தாங்கிக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு முன் இந்தச் சங்கத்தைத் தொடங்கினாள். ஆறு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்த பூங்காவனம், பாலையும் நெய்யையும் விட்டேன் என்று சொல்லி நல்ல பேரையெல்லாம் தட்டிக்கொண்டு போகிறாள்!

செயலாளர் நடராஜன் தயங்கித் தயங்கிச் சொன்னார். “மெர்டேக்கா சுதந்திர நாள் அன்னிக்கு நம்ம சைவ விருந்துல பூங்காவனம் பேசட்டும்னு எல்லாரும் பிரியப்படுறாங்கம்மா.”

சாரதாம்பாள் கோப்பியை டக்கென்று மேசையில் வைத்தாள்.

“அதுவா? வீடு வீடா பால் ஊத்திப் பொழைச்சதுதானே அது?”

“அந்தத் தொழிலை எப்பவோ விட்டுடுச்சும்மா. இப்ப துணி துவைச்சுத்தான் பொழைக்குது.”

“ஆனா மாடு இன்னும் கொட்டாயில நிக்குதே! பால் தொடாதவளுக்கு மாடு எதுக்கு லா?”

கடைசி வரிசையில் இருந்த பூங்காவனம் எழுந்து நின்றாள். “அது பாட்டுக்கு நிக்குதுங்கக்கா. நான் கறக்கிறதில்ல.”

“நாங்க நம்பணும்! பால் குடிக்கிற நாங்க பாவிங்க, நீ மட்டும் உத்தமியா?”

“அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லைங்கக்கா.”

“அப்புறம் ஏன் விட்டே? என்னைக்கு விட்டே? இங்கேயே சொல்லு.”

பூங்காவனம் தலை குனிந்துகொண்டாள். “வேணாங்கக்கா. உங்ககிட்ட தனியா சொல்றேன்.”

“பார்த்தீங்களா? வாயத் தொறக்க மாட்டேங்கிறா!” சாரதாம்பாள் வெற்றியோடு எல்லார் முகத்தையும் பார்த்தாள். இத்தனை மாதம் நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கியது போல இருந்தது. “உண்மையா இருந்தா எல்லார் முன்னாலயும் சொல்லு. இல்லன்னா சங்கத்தை விட்டுப் போ!”

கூடம் முழுக்க பூங்காவனத்தையே பார்த்தது. அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

“சங்கம் தொறந்தப்ப விட்டேங்கக்கா. தொறப்பு விழா விருந்து மூணு நாளும் பாயசத்துக்கு ஒரு சொட்டு விடாம கறந்து குடுன்னீங்க. பொறந்து பத்து நாளான கன்னுக்குட்டி இருக்கேக்கான்னு கேட்டேன். ‘ஜீவகாருண்யத்துக்குத்தானே கேக்கிறேன், அதுக்குக் கஞ்சித்தண்ணி காட்டு’ன்னு சொன்னீங்க. மூணாம் நாள், விருந்து முடியிறதுக்குள்ள அது செத்துப் போச்சுங்கக்கா.”